"தெரியவில்லை" என்பது விடையாகுமா?

பாரமேற்றிய லொறியொன்று சந்தியில் இடப்புறம் திரும்புகையில் சைக்கிளிற் சென்ற ஒருவரை மோதிவிட்டது என்ற செய்தியை நாம் பத்திரிகையிற் படிக்கும்போது, அதன் இறுதியில் பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான் காணப்படுகிறது. வந்தவரைத் தாம் காணவில்லை என்று சாரதி பொலிசாருக்குக் கூறினார் என்பதே அது. மரணவீட்டிலும் அதே பேச்சுத்தான். "அவன் என்ன செய்வான்? தெரியாமற் போய்விட்டது. எங்கள் விதி" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவர். இரண்டொரு நாளில் லொறி முதலாளியின் ஆள் ஒருவர் வந்து, செலவுக்கென்று ஒரு தொகையைக் கொடுத்து, ஒரு கடதாசியிற் கையெழுத்தும் பெற்றுக்கொண்டு போவார். அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டதென்று குடும்பத்தார் எண்ணிக்கொள்கின்றனர்.

சாரதி பொய் சொல்லுகிறார் என்று நாம் கூற வரவில்லை. அநேகமாக அவர் சொல்வது மெய்யே. ஆனால் அந்த மெய்யினால் விஷயம் முடிந்துபோகிறதா, அல்லது அங்கேதான் தொடங்குகிறதா என்பதையே இவ்வாரம் நம் வாசகர்களுடன் ஆராய விரும்புகிறோம்.

சாரதிக்கு ஏன் தெரியவில்லை? மாணவர்கள் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். மேசையொன்றின் ஒரு பக்கத்தில் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, மறுபக்கத்தில் மேசை விளிம்பை ஒட்டினாற்போல நிலத்திலே ஒரு செம்பை வைக்கச் சொல்லுங்கள். செம்பு கண்ணுக்குப் படாது. அதனை மெல்ல அப்பால் நகர்த்தினால் ஓரிடத்தில் அதன் வாய் மட்டும் தென்படும். இன்னும் நகர்த்தினால் முழுச் செம்பும் தெரியும். லொறிச் சாரதி அமர்ந்திருப்பது இதைவிடப் பெரியதொரு மேசையின் பின்னால். அவருடைய கண் நிலத்திலிருந்து 2.4 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றும், இடப்பக்கக் கதவு அவருக்கு 2 மீற்றர் தொலைவில் இருக்கிறது என்றும், அக்கதவின் கண்ணாடி 1.9 மீற்றர் உயரத்திலேதான் தொடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் தலை 1.6 மீற்றர் உயரத்தில் இருக்குமானால், அவர் கதவிலிருந்து 1.2 மீற்றருக்கு அப்பால் விலகிச் சென்றாலொழிய அவருடைய உச்சந்தலை கூடச் சாரதிக்குத் தெரியாது. நெருங்கி வருபவர் எவரோ அவரே மறைகிறார் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

பக்கக் கண்ணாடி இருக்கிறதே என்று கேட்கலாம். அது லொறியின் உடலோடு ஒட்டிய ஓர் ஒடுங்கிய பட்டையைக் காட்டும். யன்னலால் தெரியும் இடத்துக்கும் கண்ணாடியில் தெரியும் இடத்துக்கும் நடுவே ஒரு வெளி எஞ்சிநிற்கும். முன்புறத்தில், மூக்குத் தட்டையான லொறிகளின் கீழே, குறுக்கே நடந்து போகும் சிறு பிள்ளை மறைந்துவிடும். பின்புறமோ முழுவதும் இருள். ஐக்கிய அமெரிக்காவில், பாரவண்டிகளுக்கு முன்னே 20 அடியும் பின்னே 30 அடியும் சாரதியின் பார்வைக்கு எட்டாதவை என்று கொள்ளும்படி அந்நாட்டு அரசாங்கமே மக்களுக்கு அறிவுறுத்துகிறது. அங்கே சாரதி இடப்பக்கம் இருப்பதனால் வலப்புறம் ஆபத்தானது. வலப்பக்கம் சாரதி அமரும் நம் நாட்டிலே இடப்புறந்தான் யமனுடைய பக்கம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீதியோரமாகச் செல்வதும் அந்தப் பக்கத்திலேதான்.

பார்வை ஒரு பாதி, சக்கரம் மறுபாதி. பைதகரசின் தேற்றத்தைப் பரீட்சைக்காகவே மனனஞ் செய்தோம் என்று எண்ணும் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 6 மீற்றர் உள்ள லொறியொன்று, அதன் முன்பகுதி 10 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தில் ஓடும்படி திரும்புகிறது. பின்னச்சு ஓடும் வட்டத்தின் ஆரை யாது? 10இன் வர்க்கம் 100. 6இன் வர்க்கம் 36. கழிக்க வருவது 64. அதன் வர்க்கமூலம் 8. அதாவது, முன்சக்கரம் போன பாதையிற் பின்சக்கரம் வருவதில்லை. 2 மீற்றர் உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. லொறியின் முன்பகுதி தம்மைக் கடந்து போய்விட்டதே என்று ஆறுதலடையும் சைக்கிள்காரரின் மேல் பின்சக்கரம் ஏறுவது இதனாலேதான். நீண்ட லொறியின் சாரதி, இடப்புறம் திரும்புவதற்கு இடம் எடுக்கவேண்டி முதலில் வண்டியைச் சற்று வலப்புறம் ஒதுக்குவார். அவ்வாறு ஒதுக்கும்போது இடப்பக்கம் ஒரு வழி திறந்தாற்போலத் தோன்றும். அது வழியன்று. இதைத் தாய்மாரும் தந்தைமாரும் பாடசாலைக்குச் சைக்கிளிற் செல்லும் பிள்ளைகளுக்கு நிலத்திலே கோடு கீறிக் காட்டுவது, பத்து முறை "கவனம்" என்று சொல்வதிலும் மேலானது.

இந்த மறைவு இயற்கையால் அமைந்ததென்று எண்ணுவதும் தவறு. இலண்டன் மாநகரிலும் நம் நாட்டைப் போலவே வாகனங்கள் வீதியின் இடப்புறமாகவே செல்கின்றன. அங்கே 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளை, சாரதியின் ஆசனத்திலிருந்து கண்ணாலே நேரே எவ்வளவு பார்க்கக்கூடும் என்று அளந்து, பூச்சியம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரப்படுத்துகிறார்கள். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதந் தொடக்கம் அனுமதிச்சீட்டு இல்லாத லொறி நகரினுள் ஓடினால் தண்டப்பணம் அறவிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆந் திகதி முதல், மூன்று நட்சத்திரமேனும் பெறாத லொறிகள் கமராவும், பக்கத்தில் ஆள் இருப்பதை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகளும் பூட்டியிருத்தல் வேண்டும். கதவின் கீழ்ப்பாகத்துக்குங் கண்ணாடி வைத்து, ஆசனத்தைத் தாழ்த்திக் கட்டிய லொறிகள் இப்போது அங்கே ஓடுகின்றன. ஆகவே, "தெரியாத இடம்" என்பது உண்டாக்கப்பட்டது, குறைக்கவுங் கூடியது.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். காயமுற்றவர் நட்டஈடு கேட்கும் உரிமையை இலங்கையில் நிர்ணயிப்பது உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் இந்நாட்டின் கரையோரத்தை ஆண்டபோது கொண்டுவந்த இச்சட்டத்தை, ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நிலைக்க விட்டனர். யாழ்ப்பாணத்து வாசகர்கள் சிலர் தேசவழமையிலே இதற்கு என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்கக்கூடும். தேசவழமை சொத்து, சீதனம், முதுசம் முதலியவற்றுக்கே உரியது. வீதி விபத்தில் அதற்கு இடமில்லை.

இச்சட்டத்தின் வேர், உரோமாபுரியில் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் இயற்றப்பட்ட அக்குவிலியச் சட்டமாகும். பிறருடைய அடிமையையோ மாட்டையோ கொன்றவன் அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்று தொடங்கிய அச்சட்டம், இன்று லொறிக்கும் டிப்பருக்கும் வந்து நிற்கிறது. ஒருவன் கவனயீனமாக நடந்தானா என்பதை அளப்பதற்கு அது கையாளும் கோல் மிகவும் சுவையானது. "கவனமுள்ள குடும்பத் தலைவன்" என்று ஒருவனை அது கற்பனை செய்கிறது. அவன் மகா வீரனுமல்லன், முனிவனுமல்லன். வீட்டையும் பிள்ளைகளையும் பொறுப்போடு பார்த்துக்கொள்ளும் சாதாரண மனிதன். அந்த இடத்தில் அவன் இருந்திருந்தால், பிறருக்குத் தீங்கு நேரக்கூடுமென்று முன்னறிந்திருப்பானா? முன்னறிந்தால் அதைத் தடுக்க என்ன செய்திருப்பான்? இவ்விரண்டு கேள்விகளே சாரதியின் முன் வைக்கப்படுவன.

இங்கேதான் "தெரியவில்லை" என்ற சொல்லின் நிறம் மாறுகிறது. தன் இடப்பக்கத்தில் பார்வை எட்டாத வெளி உண்டென்பது லொறியோட்டும் எவருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் அவர் கண்ணாடியைப் பார்த்தாரா, சமிக்ஞை விளக்கைப் போட்டுச் சற்றுத் தாமதித்தாரா, ஊர்ந்தாற்போலத் திரும்பினாரா, இவற்றுள் ஒன்றையுஞ் செய்யாது வண்டியை எடுத்தாரா என்பதே வழக்கு. காண இயலாதவனுக்குக் கவனம் குறையலாம் என்று சட்டம் சொல்லவில்லை; கூடவேண்டும் என்றே கொள்கிறது. முன்பெல்லாம் லொறியின் இடப்பக்கக் கதவிலே கிளீனர் ஒருவர் தலையை நீட்டிக்கொண்டு "வரலாம், வரலாம்" என்று கத்துவார். அந்தச் சத்தத்தை நம்மிற் பலர் நையாண்டி செய்வதுண்டு. உண்மையில் அவர்தாம் அந்த லொறியின் இடக்கண். கூலியை மிச்சம் பிடிப்பதற்காக அவரை நிறுத்திவிட்டு, கமராவும் பூட்டாமல், சாரதியைத் தனியே அனுப்பும் முதலாளி தம் செலவைப் பிறர் உயிரின்மேல் ஏற்றுகிறார் என்பது நம் அபிப்பிராயம்.

சாரதி ஏழை, அவரிடம் எதைக் கேட்பது என்று சிலர் விட்டுவிடுகின்றனர். தன் வேலையாள் வேலையின் போக்கிற் செய்த பிழைக்கு எசமானன் பொறுப்பாளி என்பது நம் சட்டத்தின் நன்கு நிலைபெற்ற விதி. ஆகவே வழக்குச் சாரதிக்கும், அவரை வேலைக்கமர்த்திய லொறிச் சொந்தக்காரருக்கும் எதிராகத் தொடுக்கப்படும். அதற்கும் மேலாக, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் வாகனம் மூன்றாந்தரப்பினரின் உயிர்ச்சேதத்துக்கும் உடற்காயத்துக்கும் காப்புறுதி செய்யப்பட்டிருத்தல் கட்டாயம். நீதிமன்றம் நட்டஈடு விதித்தால் அதைக் காப்புறுதிக் கம்பனி செலுத்தவேண்டும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வழக்குத் தொடுக்குமுன்னரோ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ, வழக்கைப் பற்றிக் கம்பனிக்கு அறிவித்தல் வேண்டும். இந்தச் சிறு கடிதம் அனுப்பப்படாமையால் வென்ற வழக்கின் பணம் கைக்கு வராமற் போகலாம்.

நம்மவர் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. விபத்து நடந்ததும் பொலிசார் சாரதியை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவர். கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவை ஐந்தாண்டு வரை சிறை விதிக்க இடந்தருகிறது. குடும்பத்தாரும் தவணைதோறும் அங்கே போய் நிற்பர். ஆனால் அது அரசாங்கம் தொடுத்த வழக்கு. அங்கே அறவிடப்படும் தண்டப்பணம் அரசாங்கத்துக்கே போகும். நட்டஈட்டு வழக்கு வேறு. அது மாவட்ட நீதிமன்றத்தில், காயமுற்றவராலேயே தொடுக்கப்படவேண்டியது. குற்றவழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்படவேண்டும். நட்டஈட்டு வழக்கிலோ எது நடந்திருப்பது அதிகம் இயல்பு என்ற அளவே போதும். ஆதலால் சாரதி முன்னதில் விடுதலையானாலும் பின்னது தோற்றுப்போயிற்று என்று கருதவேண்டியதில்லை.

"அந்த வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று காத்திருப்பதைப் போல ஆபத்தானது வேறில்லை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, நட்டஈடு கோரும் வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்படல் வேண்டும். நீதவான் நீதிமன்ற வழக்கு இழுபட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்காகவோ, கம்பனிக்காரர் "யோசித்துச் சொல்லுகிறோம்" என்று நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்காகவோ அந்தக் காலம் நின்று காத்திராது. இரண்டாண்டு கழிந்த மறுநாள் அந்த நல்ல வார்த்தையும் நின்றுபோகும்.

பிழை நம்முடைய பக்கத்திலும் இருந்தால் என்ன? சமிக்ஞை விளக்கு எரிந்துகொண்டிருந்த லொறியின் இடப்பக்கமாக ஒரு மாணவன் புகுந்திருக்கலாம். அவ்வளவில் உரிமை அற்றுப்போவதில்லை. இதற்கென்றே 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இரு பக்கத்துப் பிழையையும் நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ப நட்டஈட்டைக் குறைத்துக் கொடுப்பது அதன் முறை. நட்டம் 30 இலட்சம் ரூபா என்றும், மூன்றிலொரு பங்கு பிழை காயமுற்றவருடையது என்றும் நீதிமன்றம் கண்டால், அவருக்கு 20 இலட்சம் கிடைக்கும். "உன் பிள்ளைதானே குறுக்கே வந்தான்" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி மொத்தத்தையும் கைவிடும் பெற்றோர் இதை அறிந்திருத்தல் நன்று.

எவற்றுக்கெல்லாம் கேட்கலாம்? வைத்தியச் செலவு, இனி வரவிருக்கும் சிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம், உழைக்குந் திறன் குறைந்தமை, இவற்றோடு உடல் வேதனைக்கும் அங்கவீனத்துக்கும் கேட்கலாம். இறந்தவர் விஷயத்தில் அவருடைய உழைப்பில் வாழ்ந்த மனைவி மக்களும், பெற்றோரும் இழந்த ஆதரவுக்குக் கோருவர். நெடுங்காலமாக நம் சட்டத்தில் ஒரு குறை இருந்துவந்தது. உழைப்பவர் இறந்தால் பணநட்டத்தைக் கணக்கிடலாம். பள்ளிக்கூடம் போகும் சிறுமி இறந்தால் கணக்கிட என்ன இருக்கிறது? பெற்ற மனம் படும் துயரத்துக்குப் பணமாக எதுவும் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லாதிருந்தது. ஒரு குழந்தையின் மரணம் பற்றிய வைத்தியக் கவனயீன வழக்கொன்றில், 2001ஆம் ஆண்டு உயர் நீதிமன்றமும் அந்நிலையையே எடுத்துரைத்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, நெருங்கிய உறவினரின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கும் நட்டஈடு கோரும் உரிமை நமக்குக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டு தாமதம் என்று குறை கூறலாம். வந்ததே என்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

வேலை செய்யும்போது லொறியால் அடிபட்ட தொழிலாளிக்கு இன்னொரு வாயிலும் உண்டு. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் அவர் முறையிடலாம். அங்கே எவருடைய கவனயீனத்தையும் நிரூபிக்கவேண்டிய அவசியமில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் இதனுள் அடக்கியது. ஆனால் ஒரே காயத்துக்கு இந்த வாயிலிலும் நீதிமன்றத்திலும் ஒருங்கே பெற இயலாது. எது நலமென்று சட்டத்தரணியைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

வழக்கை வெல்வது பேச்சன்று, சான்று. காயமுற்றவரை வைத்தியசாலைக்கு அனுப்புவதே முதற் கடமை. 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசினால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். அவரோடு ஒருவர் போக, இன்னொருவர் அவ்விடத்தில் நிற்கட்டும். இன்று எல்லோர் கையிலும் கமராவுள்ள தொலைபேசி இருக்கிறது. அதை இரத்தத்தைப் படம்பிடிப்பதற்குப் பயன்படுத்துவோரே அதிகம். பிடிக்கவேண்டியவை வேறு: லொறி நின்ற நிலை, சக்கரத்தின் அடையாளம், இலக்கத் தகடு, இடப்பக்கக் கண்ணாடி இருந்ததா உடைந்திருந்ததா என்பது, முன்கண்ணாடியை மறைத்துத் தொங்கும் மாலைகளும் சாமி படங்களும். தெய்வத்தை நாம் இகழவில்லை. பார்வையை மறைக்குமிடத்தில் அதனை வைப்பானேன் என்றே கேட்கிறோம். மோட்டார் வாகனப் பரிசோதகர் லொறியைப் பின்னர் பரிசோதிப்பார். ஆனால் வீதியில் அது நின்ற கோலத்தை அவர் காணப்போவதில்லை.

அருகிலுள்ள கடைகளில் கண்காணிப்புக் கமரா இருந்தால், அன்றே கடைக்காரரிடம் பணிவாகக் கேட்டுப் படத்தை அழியாது வைக்கச் செய்யவேண்டும். அத்தகைய கமராக்கள் சில நாட்களில் பழைய படத்தின் மேலேயே புதியதைப் பதிந்துவிடுகின்றன. லொறியினுள்ளும் கமராவோ, வண்டி எந்நேரம் எவ்வேகத்தில் எங்கே சென்றதென்று பதியும் கருவியோ இருக்கக்கூடும். அவற்றைப் பாதுகாக்கும்படி சட்டத்தரணி மூலம் சொந்தக்காரருக்கு உடனே எழுதுவது நன்று. கண்ணாற் கண்டவர்களின் பெயர், முகவரி வாங்கப்படவேண்டும். "பொலிசுக்கும் கோட்டுக்கும் அலையவேண்டி வரும்" என்று நழுவுவோர் உளர். அவர்களுடைய பிள்ளைகளும் அதே வீதியாற்றான் போகிறார்கள் என்பதை ஞாபகப்படுத்தினால் பலர் இசைவர்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிவான இலக்கமும் திகதியும், வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையும், மருந்துச் சிட்டைகளும், சம்பளச் சிட்டையும் ஒரே உறையில் இருக்கட்டும். நாட்கூலிக்கு வேலை செய்யும் மேசனுக்கும் மீன் விற்பவருக்கும் சம்பளச் சிட்டை ஏது? வேலை கொடுத்தவரின் கடிதம், வங்கிப் புத்தகம், கொடுக்கல் வாங்கல் எழுதிய கொப்பி ஆகியன அவர்களுக்குச் சான்றாகும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குக் காயமுற்றவரைத் தவறாது காட்டவேண்டும்.

முதலாளியின் ஆள் கொண்டுவரும் அந்தக் கடதாசிக்கு இப்போது வருவோம். மரணச் செலவுக்குக் கொடுக்கும் பணத்தைப் பெறுவதில் இழுக்கில்லை. மனிதத்தன்மையோடு கொடுப்போரும் உண்டு. பற்றுச்சீட்டில் "செலவுக்காக இவ்வளவு ரூபா பெற்றேன்" என்று மட்டும் இருந்தால் கையெழுத்திடலாம். "இனி எவ்வித கோரிக்கையும் செய்யமாட்டேன்" என்றோ, "முழு நட்டஈடாகப் பெற்றுக்கொண்டேன்" என்றோ ஒரு வரி இருந்தால் பேனாவை வைத்துவிட வேண்டும். நமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை தொடவே கூடாது. எட்டுச் செலவு முடியுமுன் எந்தக் கடதாசிக்கும் அவசரமில்லை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையே என்போருக்காக, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானங் குறைந்தோருக்கு அது ஆலோசனை கூறுவதோடு வழக்கும் நடத்திக்கொடுக்கிறது. அதன் கிளைகள் பல ஊர்களின் நீதிமன்றங்களை அடுத்து அமைந்திருக்கின்றன. போகும்போது மேலே கூறிய உறையைக் கொண்டுபோங்கள். உறையின் மேல் விபத்து நடந்த திகதியையும், அதன் கீழே இரண்டாண்டு நிறைவுறும் திகதியையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அங்கிருக்கும் சட்டத்தரணி முதலிற் கேட்கப்போவது அதைத்தான்.